வாங்கும் முன் காதைக் கேளுங்கள்: வீட்டிலிருந்து வேலை செய்ய எந்த ஹெட்போன் சரி?

காலை 10 மணி. பெங்களூரு டீமுடன் மீட்டிங். நீங்கள் இருப்பது தருமபுரியில், சொந்த வீட்டின் முன்னறையில். சமையலறையில் மிக்ஸி ஓடுகிறது. பக்கத்து வீட்டு டிவி சீரியலில் யாரோ யாரையோ பார்த்துச் சபதம் போடுகிறார்கள். தெருவில் தக்காளி வண்டியின் ஸ்பீக்கர். ஆடித் திருவிழாவுக்குக் கட்டிய மைக் செட்டில் ‘ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்’. இதற்கு நடுவே லேப்டாப்பில் மேனேஜரின் குரல்: “உங்க சைடு ரொம்ப சத்தமா இருக்கே, கொஞ்சம் மியூட் பண்ணுங்க.”

அன்று ராத்திரியே ஆன்லைனில் 8,000 ரூபாய்க்கு ஒரு ‘நாய்ஸ் கேன்சலிங்’ ஹெட்போன் ஆர்டர் போடுகிறீர்கள். பார்சல் வருகிறது. மாட்டி பட்டனை அழுத்தியதும் ஃபேன் சத்தம் அப்படியே காணாமல் போகிறது. ஆஹா! அடுத்த நாள் மீட்டிங். மேனேஜர் சொல்கிறார்: “இன்னும் அதே சத்தம்தாங்க வருது.”

ஹெட்போன் ரிப்பேர் இல்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. நமக்குத் தேவைப்பட்ட வேலைதான் வேறு.

2020 ஊரடங்குக்குப் பிறகு, சொந்த ஊரில் இருந்தபடியே வெளியூர் நிறுவனத்துக்கு வேலை பார்ப்பது சாதாரணமாகிவிட்டது. சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடையில், தேசிய நெடுஞ்சாலை 44-ல் இருக்கும் தருமபுரிக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். ஆனால் நம் வீடுகள் ஆபீஸாகக் கட்டப்பட்டவை அல்ல. ஜன்னல் தெருவைப் பார்க்கிறது. கூரை சில வீடுகளில் ஷீட். அதனால் ஹெட்போன் இப்போது பாட்டு கேட்கும் பொருள் மட்டும் அல்ல, வேலைக்கான கருவி. கருவி வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எந்த பிராண்ட்?’ இல்லை. ‘எந்தச் சத்தம்?’

ஏஎன்சி வேறு, இஎன்சி வேறு

பெட்டியின் மேல் இரண்டு சொற்களைப் பார்க்கலாம். ஏஎன்சி என்பது ‘ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்’. இது உங்கள் காதுக்கு. வெளிச்சத்தம் உங்களுக்குக் கேட்பதைக் குறைக்கும். இஎன்சி என்பது ‘என்விரான்மென்டல் நாய்ஸ் கேன்சலேஷன்’. இது உங்கள் மைக்குக்கு. எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் வீட்டுச் சத்தம் போகாமல் பார்த்துக்கொள்ளும்.

குறைந்த விலை இயர்பட்ஸ் பலவற்றில் ‘இஎன்சி’ என்று மட்டும்தான் இருக்கும். அதை ஏஎன்சி என்று நினைத்து வாங்கி, ‘ஒண்ணுமே குறையலையே’ என்று புலம்புகிறவர்கள் உண்டு. நம் கதையில் நடந்தது இதற்கு நேர் எதிர்.

மேனேஜரின் புகார்தான் உங்கள் பிரச்சினை என்றால், புது ஹெட்போனே தேவைப்படாமல் போகலாம். ஜூம், டீம்ஸ் போன்ற செயலிகளின் ஆடியோ செட்டிங்ஸில் பின்னணிச் சத்தத்தைக் குறைக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. முதலில் அதை ஆன் செய்து பாருங்கள். அதுவும் போதவில்லை என்றால், கால் சென்டர்களில் பார்ப்பீர்களே, வாய்க்கு அருகே கம்பி போல நீளும் மைக், அந்த வகை ஹெட்செட் வாங்குங்கள். காதில் இருக்கும் இயர்பட்ஸ் மைக்கைவிட வாய்க்கு அருகில் இருக்கும் மைக்கில் உங்கள் குரல் பலமாக விழும். சுற்றுச்சத்தம் பின்னால் போகும்.

சத்தத்தைச் சத்தத்தால் எப்படி அடிக்கிறார்கள்?

ஊஞ்சலில் ஒரு குழந்தை ஆடுகிறது. அது உங்களை நோக்கி வரும் ஒவ்வொரு முறையும், அதே வேகத்தில் எதிர்ப்பக்கம் தள்ளினால் என்ன ஆகும்? ஊஞ்சல் நின்றுவிடும். ஒலியும் காற்றில் ஓர் ஆட்டம்தான். ஹெட்போனில் உள்ள மைக் வெளிச்சத்தத்தைக் கேட்கிறது. உள்ளே இருக்கும் சிப் அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்குகிறது. ஸ்பீக்கர் அதை உங்கள் காதில் விடுகிறது. இரண்டும் மோதி ஒன்றையொன்று கரைத்துவிடுகின்றன.

இந்த யோசனைக்கு 90 வயது ஆகிறது. ஜெர்மனியைச் சேர்ந்த பால் லூக் என்பவருக்கு 1936-ல் அமெரிக்காவில் இதற்கான காப்புரிமை கிடைத்தது. ஆனால் அப்போது அதைச் செய்துகாட்டும் அளவுக்கு மின்னணுவியல் வளரவில்லை. 1978-ல் ஐரோப்பாவில் இருந்து அமெரிக்காவுக்கு விமானத்தில் போய்க்கொண்டிருந்தார் அமர் போஸ். வங்காளத்தில் இருந்து அமெரிக்காவுக்குப் போன ஒரு விடுதலைப் போராட்டக்காரரின் மகன். போஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் பாட்டைக் கேட்க விடாமல் இன்ஜின் இரைச்சல் கெடுத்தது. அந்தப் பயணத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்தார். 1989-ல் விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது. 2000-க்குப் பிறகு பயணிகளுக்கு, பிறகு நம் எல்லோருக்கும்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று: இந்தத் தொழில்நுட்பம் வளர்ந்தது விமான இன்ஜினின் இரைச்சலை அடக்கத்தான். அதாவது ஒரே மாதிரி, நிற்காமல் ஓடும், கனமான ‘ஊஊம்’ சத்தம். இன்றும் அதுதான் ஏஎன்சியின் பலம்.

காரணம் எளிமையானது. 100 ஹெர்ட்ஸ் கொண்ட கனமான ஒலியின் ஓர் அலை சுமார் 3.4 மீட்டர் நீளம். நிதானமாக வரும், எதிர் அலை செய்ய நேரம் இருக்கிறது. 4,000 ஹெர்ட்ஸ் கொண்ட கீச்சொலியின் அலை சுமார் 8.5 சென்டிமீட்டர்தான். சிப் கொஞ்சம் தாமதித்தாலும் எதிர் அலை தப்பான இடத்தில் விழும். ஊஞ்சலைத் தப்பான நேரத்தில் தள்ளினால் நிற்காது, இன்னும் வேகமாக ஆடும். அதனால் ஏஎன்சி பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வேலை செய்கிறது. அதற்கு மேலே உள்ளதைத் தடுப்பது, காதை அடைத்து நிற்கும் ரப்பர், ஃபோம், குஷன் இவைதான்.

நம் வீட்டுச் சத்தங்கள் நான்கு வகை

முதல் வகை, இரைச்சல். சீலிங் ஃபேன், ஏர்கூலர், இன்வெர்ட்டர், ஜெனரேட்டர், பைபாஸில் ஓயாமல் போகும் லாரிகள், பெங்களூரு பஸ்ஸின் இன்ஜின். இவைதான் தொந்தரவு என்றால் ஏஎன்சிக்குத் தாராளமாகப் பணம் போடலாம்.

இரண்டாவது வகை, கூர்மையான சத்தம். குக்கர் விசில், பாத்திரம் விழுவது, டூவீலர் ஹாரன், மிக்ஸியின் அலறல். இதில் ஏஎன்சி பெரிதாக உதவாது. காதை நன்றாக அடைக்கும் இயர்டிப் அல்லது காது முழுவதையும் மூடும் குஷன்தான் உதவும்.

மூன்றாவது வகை, பேச்சு. பக்கத்து வீட்டு டிவி, வாசலில் அரட்டை, ஹாலில் யாரோ போனில் பேசுவது. மனிதக் குரலில் கனமான பகுதியும் உண்டு, மெல்லிய பகுதியும் உண்டு. ஏஎன்சி பாதியைக் குறைக்கும், மீதி வரும். சில நேரம் ஃபேன் சத்தம் போய்விட்டதால் பேச்சு முன்பைவிடத் தெளிவாகக்கூடக் கேட்கும்.

நான்காவது வகை, அதிர்வு. திருவிழா ஸ்பீக்கர் செட்டின் ‘தும் தும்’, பம்பை, பக்கத்து மனையில் போர் போடும் வண்டி. இவை ஜன்னல், சுவர், தரை, நாற்காலி வழியாகவும் உங்கள் உடம்புக்குள் வருகின்றன. எலும்பு வழியாகவும் ஒலி உள்காதை எட்டும் என்பதால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஹெட்போனுக்கு ஓர் எல்லை இருக்கிறது.

பேச்சு மட்டும் ஏன் இவ்வளவு படுத்துகிறது?

ஃபேன் ஓடினால் வேலை நடக்கிறது. அதைவிட மெதுவாக ஒருவர் பேசினால் நடப்பதில்லை. இது உங்கள் பொறுமைக் குறைவு இல்லை. 1976-ல் கோல், வெல்ஷ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களிடம் எழுத்துகளை வரிசையாகக் காட்டி, அதே வரிசையில் நினைவிலிருந்து சொல்லச் சொன்னார்கள். பின்னணியில் ஜெர்மன் மொழிப் பேச்சு ஓடியது. மாணவர்களுக்கு ஜெர்மன் தெரியாது. ஆனாலும் தவறுகள் கூடின. பேச்சின் சத்தத்தைக் கூட்டுவது, குறைப்பது இதைப் பெரிதாக மாற்றுவதில்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும் ஒலியை நம் மூளையால் ஒதுக்கிவைக்க முடிவதில்லை.

அதனால் பேச்சைக் குறைத்தால் மட்டும் போதாது, மறைக்க வேண்டும். காதை நன்றாக அடைத்துக்கொண்டு, உள்ளே மழைச் சத்தம், அருவிச் சத்தம் போன்ற ஒரே சீரான ஒலியை மெதுவாக ஓட விடுங்கள். பாட்டு போடுவதாக இருந்தால், வரிகள் இல்லாத இசை நல்லது. எழுதும்போதும் படிக்கும்போதும் பாட்டு வரிகளும் ‘பேச்சு’தான். இளையராஜா ரசிகர் என்றால் கவலை வேண்டாம்: ‘ஹவ் டு நேம் இட்’, ‘நத்திங் பட் விண்ட்’ இருக்கவே இருக்கின்றன.

அப்படியென்றால் எதை வாங்குவது?

பட்ஜெட் மிகக் குறைவா? மெடிக்கல் ஷாப்பிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் ஃபோம் இயர்பிளக் சில பத்து ரூபாய்தான். அட்டையில் ‘என்ஆர்ஆர்’ என்று 30-ஐ ஒட்டிய ஓர் எண் இருக்கும். அது ஆய்வகக் கணக்கு. நாம் அவசரமாகச் சொருகினால் அதில் பாதி கிடைப்பதே பெரிது. விரலால் உருட்டி மெலிதாக்கி, மறு கையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு செருகி, விரியும் வரை சில நொடிகள் விரலை வைத்திருங்கள். வித்தியாசம் தெரியும். கோடிங், கணக்கு, எழுத்து என்று மீட்டிங் இல்லாத வேலைக்கு இது போதும்.

தொழிற்சாலைகளில் மாட்டும் இயர்மஃப் இன்னொரு வழி. பேட்டரி இல்லை, ப்ளூடூத் இல்லை. அழகும் இல்லைதான். ஆனால் குக்கர் விசிலையும் பேச்சையும் நன்றாகவே குறைக்கும். தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும் உதவும்.

இயர்பட்ஸா, பெரிய ஹெட்போனா? நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில், மின்சாரம் போன மதியத்தில், காதை மூடும் குஷனுக்குள் வியர்வை ஊறும். ஆனால் நாள் முழுக்க மீட்டிங் என்றால் இயர்பட்ஸ் பேட்டரி பாதியில் காலை வாரும். கண்ணாடி போடுபவர்கள், ஜிமிக்கி அணிபவர்கள் பெரிய ஹெட்போனை மாட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். கண்ணாடிக் காம்பு உண்டாக்கும் சின்ன இடைவெளி போதும், கனமான சத்தம் உள்ளே புகுந்துவிடும். அடிக்கடி காது வலி, சீழ் வருபவர்களுக்குக் காதுக்குள் சொருகும் எதுவும் வேண்டாம். டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இயர்பட்ஸ் வாங்கினால் பிராண்டைவிட முக்கியம், டிப்பின் அளவு. பெட்டியில் மூன்று அளவு ரப்பர் டிப் கொடுப்பதே அதற்குத்தான். பலர் நடுவில் உள்ளதை மாட்டிவிட்டு மற்ற இரண்டையும் தொலைத்துவிடுகிறார்கள். இடது காதும் வலது காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. சரியாகப் பொருந்தாத 20,000 ரூபாய் இயர்பட்ஸைவிடச் சரியாகப் பொருந்திய 2,000 ரூபாய் இயர்பட்ஸ் அமைதி தரலாம்.

‘50 டெசிபல் வரை’ என்ற விளம்பரம்

அதில் ‘வரை’ என்ற சொல்லைப் பாருங்கள். ஏதோ ஒரு கனமான ஒலியில், ஆய்வகத்தில் கிடைத்த மிகச் சிறந்த அளவு அது. எல்லாச் சத்தத்துக்கும் அல்ல. டெசிபல் கணக்கும் நாம் பழகிய கூட்டல் கணக்கு அல்ல. 10 டெசிபல் குறைந்தால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிறது. காதுக்கு ஏறக்குறைய பாதிச் சத்தமாகத் தோன்றும். நம் வீட்டுச் சூழலில் 20 டெசிபல் உண்மையாகவே குறைந்தாலே அது நல்ல கருவிதான்.

கடையில் மாட்டிப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் பாட்டு போட்டுக் காட்டச் சொல்லாதீர்கள். பாட்டு ஓடினால் எல்லா ஹெட்போனும் நன்றாகத்தான் இருக்கும். எதையும் ஓட விடாமல் மாட்டுங்கள். முதலில் ஏஎன்சியை ஆஃப் செய்து, காதருகே விரல்களைத் தேய்த்துப் பாருங்கள். சத்தம் நன்றாகக் குறைந்திருந்தால் பொருத்தம் சரி. பிறகு ஆன் செய்து கடை ஃபேன், ரோட்டுச் சத்தத்தைக் கவனியுங்கள். கடைசியாக, வீட்டில் ஒருவருக்குக் கால் செய்து, “என் குரல் எப்படிக் கேக்குது, பின்னாடி சத்தம் வருதா?” என்று கேளுங்கள். ஆன்லைனில் வாங்கினால் இதே சோதனையை வந்த அன்றே செய்யுங்கள். காதில் மாட்டும் பொருள் என்பதால் ரிட்டர்ன் விதி கடுமையாக இருக்கலாம். ஆர்டர் போடும் முன்பே அதைப் படித்துவிடுங்கள்.

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு

வெளிச்சத்தத்தை மூழ்கடிக்க வால்யூமை ஏற்றுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு: 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒரு வார ஆபீஸ் நேரம் அப்படியே அதில் அடங்கிவிடுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 83 டெசிபல் என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10, 89 என்றால் 5. திருவிழா ஸ்பீக்கரோடு போட்டி போட்டு வால்யூமை ஏற்றினால், ஒரு வாரத்துக்கான அளவு ஒன்றிரண்டு நாளிலேயே தீர்ந்துவிடும்.

உள்காதில் கேட்கும் வேலையைச் செய்யும் நுண்மயிர் செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. ஹெட்போனைக் கழற்றிய பிறகும் காதில் ‘ஙொய்ங்’ என்ற ரீங்காரம் நின்றால், அது எச்சரிக்கை. தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். இந்தக் கோணத்தில் பார்த்தால் நல்ல ஏஎன்சியின் உண்மையான லாபம் அமைதி மட்டுமல்ல. குறைந்த வால்யூமிலேயே வேலை நடக்கிறது என்பதுதான்.

ஹெட்போனுக்கு அடங்காத சத்தத்துக்கு?

சில சத்தங்களுக்கு விடை கடையில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. ஒலி மாசு விதிகள், 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் எல்லை. பகலிலும்கூட எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்கு இடமே இல்லை. திருவிழா, பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்காக ஆண்டுக்கு மொத்தம் 15 நாள் வரை, அதுவும் நள்ளிரவு 12 மணி வரை மட்டும், மாநில அரசு தளர்வு தரலாம். எல்லையைவிட 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் கூடினால் யாரும் புகார் செய்யலாம்.

சென்னையில் ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் தொடுத்த வழக்கில், 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஒலிபெருக்கி வைத்து, மேளம் அடித்து, மற்றவர்களின் அமைதியைக் கெடுத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை.

சட்டம் இப்படி இருந்தாலும், ஊர்த் திருவிழாவில் போய்ப் புகார் கொடுப்பது எவ்வளவு சுலபம் என்பது நமக்குத் தெரியும். நாளைக்கும் அதே தெருவில்தான் இருக்க வேண்டும். அதனால் முதல் படி பேச்சாகவே இருக்கட்டும். “அண்ணா, 11 மணிக்கு எனக்கு ஒரு இன்டர்வியூ இருக்கு. ஒரு மணி நேரம் மட்டும் இந்தப் பக்க குழாயைத் திருப்பி வைக்க முடியுமா?” என்று விழாக் குழுவில் தெரிந்தவரிடம் கேட்டால், பல நேரம் நடந்துவிடும். முடியாது என்றால் அந்த மூன்று நாட்களுக்கு நண்பர் வீடோ, பின்னறையோ பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் இடுக்கை அடைப்பது, கதவின் கீழ் துணி சுருட்டி வைப்பது, மேசையைத் தெருப்பக்கச் சுவரில் இருந்து நகர்த்துவது ஆகியவற்றுக்குப் பைசா செலவில்லை.

ஒரு காதைத் திறந்து வையுங்கள்

வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால், வேறு யாரும் இல்லாத நேரத்தில் முழு அமைதி ஆபத்து. பாத்ரூமில் வழுக்கி விழுந்த அம்மா கூப்பிட்டதும், அடுப்பில் வைத்த பால் பொங்கியதும் ஏஎன்சிக்குத் தெரியாது. வெளிச்சத்தத்தை உள்ளே விடும் ‘டிரான்ஸ்பரன்சி மோடு’ உள்ள மாடலாகப் பாருங்கள். அல்லது ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். பைபாஸைக் கடக்கும்போதும் டூவீலரிலும் இரண்டையும் கழற்றிவிடுங்கள். லாரி இன்ஜின் சத்தத்தை அழிப்பதில்தான் இந்தக் கருவி கெட்டிக்காரத்தனமானது என்பதை மறக்க வேண்டாம்.

கார்ட்டில் போடும் முன் ஒரே ஒரு வேலை. ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு, வேலை நேரத்தில் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கேட்கும் ஒவ்வொரு சத்தத்தையும் எழுதுங்கள். இரைச்சலா, கூர்மையா, பேச்சா, அதிர்வா என்று பக்கத்தில் குறியுங்கள். இரைச்சல் அதிகம் என்றால் ஏஎன்சி. கூர்மை என்றால் நல்ல அடைப்பு. பேச்சு என்றால் அடைப்போடு மழைச் சத்தம். அதிர்வு என்றால் அறையை மாற்றுவது. புகார் மேனேஜரிடம் இருந்து வருகிறது என்றால் மைக். பேப்பரில் கடைசி வரியாக ‘அம்மா மூணு தடவை சாப்பிடக் கூப்பிட்டாங்க’ என்று இருந்தால், அதற்கு எந்த ஹெட்போனும் வேண்டாம். போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.